ஒண்டுக் குடித்தனம்

'தொற்றுத் தாவரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக' என்று கேட்டால் நம்மில் பலர் தயங்காமல் 'வாண்டா' என்று எழுதியிருப்போம். 'ஒட்டுண்ணிக்கு ஓர் எடுத்துக்காட்டு?' என்றால் 'புல்லுருவி' என்று எழுதியிருப்போம். பள்ளியில் நானும் அப்படித்தான் எழுதினேன், மதிப்பெண்ணும் பெற்றேன். பிறகு தாவரவியலையே பாடமாக எடுத்துக்கொண்டு இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தேன். இருந்தும் என்ன பயன்? அதே வாண்டா, புத்தகத்தை விட்டு இறங்கி என் கண் முன்னே ஒரு புளியமரத்தில் வந்து நின்றபோது, அதைப் புல்லுருவி என்று சொல்லி வெட்டச் செய்தேன். அந்தக் கதையையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தையும் சங்க நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நடந்த இடம் பாலாறு. பாலாறு என்றவுடன் நந்தி மலைப் பக்கம் பிறந்து வேலூர் வழியாகக் கடலுக்குச் செல்லும் பெரிய ஆற்றை எண்ண வேண்டா. நான் சொல்வது வேறொரு பாலாறு. ஈரோடு மாவட்டத்தின் வடவெல்லையாகத் தமிழ்நாட்டுக்கும் கருநாடகத்துக்கும் நடுவே ஓடிவந்து, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புத் தொடங்கும் பக்கத்தில் காவிரியோடு கலக்கும் காட்டாறு அது. மைசூரிலிருந்து கொள்ளேகால், அனூர் வழியாக மாதேசுவரன் மலை ஏறி, மறுபுறம் கொண்டையூசி வளைவுகளில் இறங்கினால் அந்த ஆற்றுப் பாலத்தை அடையலாம். 1993 ஏப்ரலில் நடந்த கண்ணிவெடி நிகழ்ச்சியால் அந்தப் பெயரைச் செய்தித்தாள்களில் படித்தவர்கள் பலர். காட்டை அறிந்தவர்கள் சிலரே.

இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரையில் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாவட்டத்துக்கு வந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. நிலம் மூன்று முகவரிகளைப் பெற்றுவிட்டது. மக்களோ அன்றும் இன்றும் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள்.

சென்ற பொங்கல் விடுமுறையில் நாங்கள் நால்வர் அங்கே போனோம். எங்களுள் ஒருவனுடைய தாய்மாமன் ஊர் பாலாற்றங்கரைக்கு அருகில் இருக்கிறது. மாலையில் ஆற்றுப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் தம் வயலோரத்தில் நின்ற பழைய புளியமரத்தைக் காட்டி என்னை அழைத்தார்.

"ஏனுங் தம்பி, நீங்க செடி கொடிப் படிப்புப் படிக்கிறவங்கன்னு மாப்பிள்ளை சொன்னாருங்க. ரெண்டு வருசமா இந்தப் புளி சரியாக் காய்க்கலைங்க. மேல ஒட்டிக்கிட்டு இருக்குதே, அது புல்லுருவிதானுங்களே?"

அண்ணாந்து பார்த்தேன். தண்டுக் கிளையில் இரண்டு இடங்களில் கொத்தாகத் தடித்த பச்சை இலைகள் தெரிந்தன. உயரே ஒரு கவட்டில் மூன்றாவது கொத்து இருந்தது. வெயில் சாய்ந்த நேரம். நண்பர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். "ஆமாங்க ஐயா, புல்லுருவிதான். விட்டா மரத்தையே உறிஞ்சிடும். வெட்டிடுங்க" என்றேன்.

அவர் உடனே தொரட்டியை எடுத்துவந்து இரண்டு கொத்துகளையும் அறுத்துத் தள்ளினார். மூன்றாவது தொரட்டிக்கு எட்டவில்லை. அதனால் பிழைத்தது.

மறுநாள் காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போகிற வழியில் கீழே கிடந்த கொத்தைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் என் அறியாமை எனக்குத் தெரிந்தது. அதன் அடியிலிருந்து விரல் போன்ற தடித்த வேர்கள் பல தொங்கின. சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வேர்கள். நுனி மட்டும் இளம் பச்சை. புல்லுருவிக்கு இத்தகைய வேர் ஏது? கையிலிருந்த செம்பில் நீர் மொண்டு ஒரு வேரின்மேல் ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை மறைந்து வேர் முழுதும் பச்சையாயிற்று. பள்ளிப் புத்தகத்தில் 'வெலாமன் திசு' என்று படித்தேனே, அது இதுதான். பழைய காம்பொன்றில் முகடு முகடாக வரியோடிய காய்ந்த காய் ஒன்று வெடித்து நின்றது. வாண்டா! ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதிய வாண்டா!

பெரியவர் வீட்டுக்குப் போய், "ஐயா, நேத்து நான் சொன்னது தப்புங்க. அது புல்லுருவி இல்லை. உங்க மரத்திலிருந்து அது எதையும் எடுத்துக்கிறதில்லை" என்றேன். அவர் சினக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பன் காலத்துல இருந்து அது அங்கேதானுங்க இருந்துச்சு. படிச்ச தம்பி சொல்றீங்களேன்னுதான் வெட்டினேன்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இந்தச் சொல்லை மறக்க முடியவில்லை.

அதன்பின் மரத்தை நால்வரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஆற்றுப் பக்கம் நீண்ட ஒரு கிளையின் நுனியில், புளியின் பொடி இலைகளுக்கு நடுவே, அகன்ற தடித்த இலைகள் ஒரு புதராக நின்றன. செம்மஞ்சள் நிறத்தில் குழல் போன்ற பூக்களும் இருந்தன. கிளையோடு அது சேரும் இடம் கழலை போல் வீங்கியிருந்தது. உண்மையான புல்லுருவி அங்கே இருந்தது! திருடனை விட்டுவிட்டுத் திண்ணையில் படுத்திருந்தவனை அடித்துவிட்டேன்.

இதுபோன்ற தவற்றை நம் நாட்டில் செய்பவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். மரத்தின்மேல் வேறொன்று வளரக் கண்டால் எல்லாவற்றையும் 'புல்லுருவி' என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் மரத்தின்மேல் காணப்படும் செடிகளை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை கொடி. இதன் வேர் தரையில் இருக்கும். மரத்தை ஏணியாக மட்டும் கொள்ளும். அடியைத் தேடிப் போனால் மண்ணில் முடியும்.

இரண்டாம் வகை ஒட்டுண்ணி. புல்லுருவி இவ்வகை. இது தன் உறிஞ்சு வேரை மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே செலுத்தி, அங்கே ஓடும் நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. இலை பச்சையாக இருப்பதால் மாவுப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆகவே இதனைப் பாதி ஒட்டுண்ணி என்று தாவர நூலார் கூறுவர். இதன் பழத்தைச் சிறு குருவிகள் தின்று, பிசுபிசுப்பான விதையை வேறு கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை அங்கேயே முளைத்துத் துளைபோடும். மிகுதியானால் கிளை காயும், காய்ப்புக் குறையும்.

மூன்றாம் வகை ஆலும் அரசும் போன்றவை. பறவை எச்சத்தில் வந்த விதை மரக்கவட்டில் முளைத்து, முதலில் விருந்தாளிபோல் வாழும். பிறகு வேரைத் தரைக்கு இறக்கும். வேர் மண்ணைத் தொட்டபின் தாங்கிய மரத்தையே சுற்றி நெருக்கத் தொடங்கும்.

நான்காம் வகை தொற்றுச்செடி. இது மரத்தின்மேல் பிறந்து, மரத்தின்மேல் வாழ்ந்து, மரத்தின்மேலேயே மடிவது. ஆனால் மரத்தினுள்ளே ஒரு வேரையும் செலுத்துவதில்லை. மரத்திடம் அது பெறுவது இடம் ஒன்றே. நீர் மழையிலும் பனியிலும் வருகிறது. உப்பு பட்டை இடுக்கில் தங்கும் தூசியிலும், மட்கிய இலையிலும், மரத்தின்மேல் வழிந்துவரும் மழைநீரிலும் கிடைக்கிறது. கொல்லிமலைச் சந்தையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கை அறிந்திருப்பீர்கள். சூப்பு வைக்கும் அந்தக் கிழங்கு உண்மையில் பாறைகளிலும் மரங்களிலும் தொற்றி வாழும் ஒரு பெரணியின் தண்டு. அதுவும் இக்குடும்பத்தாரின் வழியில் வாழ்வதே.

சென்னையில் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். ஒண்டுக் குடித்தனக்காரர் நம் வீட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில்தான் இருப்பார். ஆனால் அவர் அடுப்பு வேறு, அரிசி வேறு. நம் அடுக்களையில் நுழைந்து நம் பானையில் கைவிடுகிறவன் வேறு ஆள். வாண்டா ஒண்டுக் குடித்தனக்காரர். புல்லுருவி அடுக்களையில் நுழைந்தவன். மைசூரில் அறை எடுத்துத் தங்கித் தாமே சமைத்துண்ணும் நம் சங்கத்து நண்பர்கள் எந்த வகை என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இனி, மரத்தடியில் நிற்கும் ஒருவர் இதனை எவ்வாறு அறிவது? நான் தவறிய வரிசையையே திருப்பிச் சொல்கிறேன்.

முதலில் இலையைப் பார்க்காதீர்கள். செடியும் மரமும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே வீக்கம் இருந்து, செடி கிளையிலிருந்தே முளைத்ததுபோல் தோன்றினால் ஒட்டுண்ணி. வேர்கள் பட்டையின்மேல் பாம்புபோல் ஊர்ந்தும் காற்றில் தொங்கியும் இருந்தால் தொற்றுச்செடி. இந்த ஒன்றைச் செய்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

இரண்டாவது, வேரின் நிறம். வெள்ளி போன்ற வெள்ளை வேரும் பச்சை நுனியும் மரத்தில் வாழும் பல ஆர்க்கிட் செடிகளுக்குப் பொது அடையாளம். கைக்கெட்டினால் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். வேரைச் சுற்றியுள்ள வெலாமன் உறை உயிரற்ற கண்ணறைகளால் ஆனது. காய்ந்திருக்கும்போது அக்கண்ணறைகளில் காற்று நிறைந்திருப்பதால் வெள்ளையாகத் தோன்றும். நீர் பட்டதும் உறிஞ்சி நிறைந்துகொள்ளும். கண்ணாடிபோல் ஆகி உள்ளிருக்கும் பச்சையத்தைக் காட்டும். செடிக்கும் தீங்கில்லை.

மூன்றாவது, இலை. வாண்டாவின் இலைகள் ஒற்றைத் தண்டின் இரு பக்கமும் மாறி மாறி, இரு வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வோர் இலையும் நடுவில் வாய்க்கால்போல் மடிந்து, வில்லாக வளைந்து, நுனியில் யாரோ கடித்துத் துப்பியதுபோல் ஒழுங்கற்ற பற்களோடு முடியும். ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும்.

நான்காவது, பூ. இனத்தை உறுதி செய்வது பூவே. பூவில்லாத நாளில் வாண்டாவைப் போலவே தோன்றும் உறவினர்கள் சிலர் இத்தகைய வறண்ட காடுகளில் உண்டு. அக்காம்பே என்பது ஒன்று. அதன் இலைகள் இன்னும் தடித்துத் தோல்போல் இருக்கும். பூவோ சிறியது, மஞ்சளில் செம்பழுப்புக் கோடுகள் போட்டது. லூயிசியா என்பது இன்னொன்று. அதன் இலைகள் பென்சில்போல் உருண்டிருப்பதால் எளிதில் பிரித்தறியலாம். ஆகவே அன்று காலையில் நான் என் குறிப்பேட்டில் 'வாண்டா; இனம் பூத்தபின் தெரியும்' என்று மட்டும் எழுதிக்கொண்டேன். முதல் நாள் மாலையில் அவசரப்பட்ட வாய், இரண்டாம் நாள் சற்று அடங்கிப் போயிற்று.

ஐந்தாவது ஒன்று உண்டு. வரிசையில் கடைசியில் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: இது நிற்கும் இடம் எது?

ஆர்க்கிட் என்றால் குடகிலும் நீலகிரியிலும் சொட்டச் சொட்ட நனையும் சோலைகளில் வாழ்வது என்று நாம் எண்ணுகிறோம். பாலாறு அப்படிப்பட்ட இடம் அன்று. கோடையில் பாறை சுடும். ஆற்று மணலில் கால் வைக்க முடியாது. மலைச்சரிவுகளில் ஆச்சாவும் உசிலையும் வெக்காலியும் நிற்கின்றன. பல மரங்கள் மாசி, பங்குனியில் இலையுதிர்த்து எலும்புக்கூடாகின்றன. இத்தகைய காட்டில், மண்ணில் வேர்கூட இல்லாத ஒரு செடி எவ்வாறு உயிர் வாழ்கிறது?

தண்ணீரை வாங்குவதில் விரைவு, செலவு செய்வதில் கருமித்தனம்: இதுவே அதன் வாழ்க்கை முறை. ஒரு தூறல் விழுந்தாலும் வெலாமன் உறை அதனைப் பஞ்சுபோல் குடித்துக்கொள்ளும். தடித்த இலை அதைச் சேமித்து வைக்கும். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். அப்போது நீர் ஆவியாக வெளியேறும். வாண்டா இனங்களோ, கள்ளியையும் அன்னாசியையும் போல, இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து அவ்வாயுவை வாங்கி, அமிலமாக்கி வைத்துக்கொண்டு, பகலில் கதவை மூடிக்கொண்டு சமைக்கின்றன. இத்தகைய சிக்கனம் உள்ள குடும்பம் எந்தப் பஞ்சத்தையும் தாங்கும் அன்றோ?

எந்த மரத்தில் தங்குவது என்பதிலும் அதற்குக் கணக்கு உண்டு. பாலாற்றின் கரையில் ஓங்கி நிற்கும் நீர்மருது மரங்களைப் பார்த்தேன். அடி பருத்து, கிளை விரித்து, இடத்துக்குக் குறைவின்றி நிற்கின்றன. ஆனால் அவற்றின் பட்டை வழவழப்பானது. தகடு தகடாக உரிந்து விழுவது. அங்கே விழுந்த விதை வேரூன்றுமுன் வீடே இடிந்து விழும். புளியின் பட்டை வெடித்து வரிவரியாக இருக்கும்; உரிந்து விழாது; இடுக்குகளில் தூசியும் ஈரமும் தங்கும். இலை பொடியாதலால் வெயிலும் சல்லடை வழியாக வருவதுபோல் வரும். ஆற்றங்கரையாதலால் விடியற்காலையில் ஈரக்காற்றும் பனியும் உண்டு. நூறு தப்படி தள்ளி, மேட்டில் நின்ற மரங்களில் தேடினோம். ஒரு கொத்தும் காணவில்லை. இடம் என்பது ஊரின் பெயர் மட்டும் அன்று. இன்ன மரம், இன்ன பட்டை, இன்ன உயரம், இன்ன திசை என்பதெல்லாம் சேர்ந்ததே இடம்.

இந்த உண்மையை நம் முன்னோர் இலக்கியத்தில் விதியாகவே வைத்தார்கள். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முதலில் வைத்தது. மரமும் விலங்கும் பறவையும் கருப்பொருளாக அதன்பின் வந்தன. தமிழ் வகுப்பில் இதை நெட்டுருப் போட்டவன் நான். மரத்தடியில் நின்றபோது நிலத்தையும் பொழுதையும் கேட்காமல் கருப்பொருளின் பெயரைச் சொல்லிவிட்டேன். தாவரவியலில் மட்டுமா தோற்றேன்? தமிழிலும் தோற்றேன்.

இடத்தை அறியாமல் செடியை மட்டும் அறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பியரே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துச் செல்வர்களுக்கு ஆர்க்கிட் மோகம் பிடித்தது. கீழை நாடுகளிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாகச் செடிகள் போயின. வெப்ப நாட்டுச் செடி என்பதனால் காற்றுப் புகாத கண்ணாடி வீட்டில், நெருப்பு மூட்டி, நீராவி நிறைத்து வைத்தார்கள். அவை ஆயிரக்கணக்கில் அழுகி மடிந்தன. மரக்கிளையில் காற்றாடி வாழ்ந்தவை அவை, காற்றின்றிச் செத்தன. ஜான் லிண்ட்லி, ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் அவை வாழ்ந்த இடத்தின் வெப்பத்தையும் காற்றையும் கருதிப் பார்த்து வீட்டுக்குக் காற்று விட்ட பிறகே நிலைமை மாறியது.

வாண்டாவின் பெயரும் ஒரு கதை சொல்லும். ராக்ஸ்பரோ கோரமண்டல் கரைச் செடிகளைப் பற்றி எழுதிய நூலில், 1795இல், இச்செடியை 'எப்பிடெண்ட்ரம் டெசலேட்டம்' என்று விவரித்தார். 'மரத்தின்மேலது, கட்டம் போட்டது' என்பது அதன் பொருள். அதே ஆண்டில் வெளிவந்த வில்லியம் ஜோன்சின் கட்டுரை வடமொழிப் பெயரான 'வந்தா' என்பதையே இதற்குச் சூட்டியது. 1820இல் ராபர்ட் பிரவுன் அதனை ஒரு பேரினத்தின் பெயராக நிலைநிறுத்தினார். இன்று இது 'வாண்டா டெசலேட்டா' என்று வழங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வடமொழியில் 'வந்தா', 'வந்தாகம்' என்பன மரத்தின்மேல் வளர்வனவற்றுக்குப் பொதுவாக வழங்கிய பெயர்கள். மருத்துவ நூலார் வந்தாகம் என்று கொள்வது புல்லுருவியையே! ஆக, நான் செய்த குழப்பம் செடியின் விஞ்ஞானப் பெயருக்குள்ளேயே குடியிருக்கிறது. இந்தச் செய்தியை அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. ஆனால் அது தேர்வில் பக்கத்து மாணவனும் தவறு செய்தான் என்பதில் வரும் ஆறுதல்தான்.

பெயர்க் குழப்பம் பொழுதுபோக்கு அன்று. மருந்துக் கடை வரைக்கும் போகிறது. 'இராசுனா' என்று ஆயுர்வேத நூல்கள் கூறும் மூலிகைக்கு வங்காளத்தில் வாண்டாவின் வேரைக் கொள்கிறார்கள். தென்னாட்டில் அரத்தையைக் கொள்கிறார்கள். வட இந்தியாவில் புளூச்சியா என்னும் வேறொரு செடியைக் கொள்கிறார்கள். பெயர் ஒன்று, செடி மூன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொன்னார். அவற்றுள் சிலவற்றை இன்ன செடி என்று உறுதி செய்ய இன்று அறிஞர்கள் வாதிட வேண்டியிருக்கிறது. பெயரைக் காப்பாற்றினோம், செடியைத் தவறவிட்டோம்.

மைசூருக்குத் திரும்பியதும் கேம்பிள் தொடங்கிய 'சென்னை மாகாணத் தாவரங்கள்' என்னும் நூலைத் துறை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த நூல் அது. கேம்பிள் மறைந்தபின் பிஷர் தொடர்ந்து எழுதி முடித்தார். ஆர்க்கிட் குடும்பம் 1928இல் அவர் எழுதிய பகுதியில் இருக்கிறது. கொள்ளேகால் அன்று கோயமுத்தூர் மாவட்டமாதலால் பாலாற்றுக் காடும் அந்நூலின் எல்லைக்குள் வந்துவிட்டது. மைசூரில் இருந்துகொண்டு மைசூர்க் காட்டுச் செடியைச் சென்னை நூலில் தேடிக் கண்டேன். ஆட்சி எல்லை மாறினாலும் செடி தன் கிளையை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்தியத் தாவர ஆய்வகம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் உண்டு. அவற்றுள் 757, அதாவது பாதிக்கு மேல், மரத்தின்மேல் வாழ்வன. வாண்டா டெசலேட்டா அவற்றுள் அரியது என்று சொல்ல முடியாது. வறண்ட காடுகளிலும் சமவெளித் தோப்புகளிலும் பரந்து காணப்படுவது. அப்படியானால் இரண்டு கொத்துகள் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம்.

இதன் பிறப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு காயில் தூளாக எண்ணற்ற விதைகள் இருக்கும். ஒரு விதையிலும் ஒரு பருக்கை உணவு இல்லை. நெல்லுக்கும் அவரைக்கும் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு இதற்குக் கிடையாது. காற்றில் பறந்து போய், தக்க பட்டையில், தக்க ஈரத்தில் விழ வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு பூசணம் இருக்க வேண்டும். அந்தப் பூசணம் ஊட்டினால்தான் விதை முளைக்கும். இந்த உறவை 1899இல் பிரெஞ்சுக்காரரான நோயல் பெர்னார் கண்டறிந்தார். முளைத்த பிறகும் பூக்கும் பருவம் அடையப் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பெரியவரின் தந்தை காலத்திலிருந்து நின்ற கொத்து எத்தனை விதைகளில் ஒன்று தப்பி வளர்ந்ததோ! தொரட்டிக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது.

அன்று காலையில் பெரியவரே வழி சொன்னார். "கட்டி வெச்சாப் பிழைக்குங்களா?" என்று கேட்டார். "பிழைக்கலாங்க ஐயா. உறுதியாச் சொல்ல முடியாது" என்றேன். இம்முறை உறுதியாகச் சொல்லாதது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. தேங்காய் நார்க் கயிற்றால் இரண்டு கொத்துகளையும் முன்பு இருந்த கிளையிலேயே, முன்பு பார்த்த திசையிலேயே கட்டினோம். மண் வைக்கவில்லை, வைத்தால் வேர் அழுகும். அதன்பின் நுனிக் கிளையில் இருந்த புல்லுருவியை, வீக்கத்துக்குக் கீழே ஒரு முழம் விட்டு, கிளையோடு அறுத்து இறக்கினோம்.

வைகாசியில் மீண்டும் போனேன். கட்டி வைத்தவற்றுள் ஒன்று சுருங்கிக் காய்ந்து போயிருந்தது. மற்றொன்றின் இலைகள் சில உதிர்ந்திருந்தன. ஆனால் அடியிலிருந்து புதிய வேர் ஒன்று கிளம்பி, பச்சை நுனியைப் பட்டையில் பதித்திருந்தது. தொரட்டிக்கு எட்டாமல் தப்பிய மூன்றாவது கொத்து பூத்திருந்தது. ஒரு காம்பில் ஏழு பூக்கள். மஞ்சள் கலந்த பச்சையில் பழுப்புக் கட்டங்கள் போட்ட இதழ்கள், பின்புறம் வெள்ளை, நடுவில் நீலங்கலந்த ஊதா நிறத்தில் உதடு. அரும்பு அவிழ்ந்த இடத்தில் மெல்லிய மணம். பை மாதங்களாக வெறுமையாக விட்டிருந்த குறிப்பேட்டு வரியில் 'டெசலேட்டா' என்று எழுதி முடித்தேன்.

பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "இத்தனை வருசம் இதுக்குக் கீழேதான் புளி உலுக்கினோம். இப்பதானுங்க இதைப் பார்க்கிறேன்" என்றார். அவருக்குத் தெரிந்த பெயரைக் கேட்டேன். ஆற்றுக்கு அப்பால் கன்னடத்தில் 'மரபாளே' என்பார்கள் என்றார். மரவாழை! வாழைபோல் பசுமையான இலையைக் கண்டு வைத்த பெயர்போலும். நாங்கள் கட்டிய கயிறு வெயிலில் இற்றுப் போயிருந்தது. அவர் புதிய கயிற்றால் மறுபடி இறுக்கிக் கட்டியிருந்தார்.

நண்பர்களே, பாலாற்றின் வடபுறம் மாதேசுவரன் மலைக் காடு 2013 முதல் காட்டுயிர்ப் புகலிடமாக இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 906 சதுரக் கிலோமீட்டர். தென்புறத்துப் பர்கூர் மலைக் காடுகளைப் புகலிடமாக்கும் அறிவிப்பைத் தமிழ்நாடு அரசு 2023இல் வெளியிட்டது. அங்கெல்லாம் செடி பறிப்பது சட்டப்படி குற்றம். ஆனால் அந்தப் புளியமரம் புகலிடத்தில் இல்லை. ஒரு வயலோரத்தில் இருக்கிறது. அங்கே காவலர் இல்லை. படித்தவன் சொல்லும் ஒரு சொல்லே அங்கே சட்டம். அச்சொல்லைச் சொல்லுமுன் மரத்தருகே நாலு அடி நடந்து, செடி சேரும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நம் கடமை. பார்த்தும் தெரியாவிட்டால், 'தெரியவில்லைங்க ஐயா, கேட்டுச் சொல்கிறேன்' என்னும் விடையும் ஒரு நல்ல விடையே. அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் ஒரு கொத்து வாண்டா பிழைத்திருக்கும்.